கிழக்குச் சுவர்

ரெமிஜியஸுக்கு இடது பாதத்தில் இரண்டு எலும்பு உடைந்தது ஏப்ரல் கடைசியில். பொம்மசந்திராவில் அவன் வேலை பார்த்த மெஷின் ஷாப்பில், பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்த ஓர் இரும்பு வார்ப்பு நழுவிக் காலில் விழுந்துவிட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவன் மனைவி டோரதி ஒரு நர்சிங் ஹோமில் லேப் டெக்னீஷியன். காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஐந்தாகும். மகள் நிக்கோலுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. முடிந்து லீவு விட்டிருந்தார்கள். மற்ற சமயங்களில் லீவு வந்தால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று அலைவார்கள். இந்த வருஷம் அந்தக் கவலை இல்லை.

"உனக்கு அவ துணை, அவளுக்கு நீ துணை" என்றாள் டோரதி. "டிவியைப் போட்டு உட்கார வச்சுடாத ரெமி. கூட உட்கார்ந்து விளையாடு. விளையாட்டோட விளையாட்டா நாலு எழுத்து, நாலு நம்பர் வந்துடும்."

அடுகோடியில் ஒரு குறுகலான கிராஸ் ரோட்டில், இருபதுக்கு முப்பது அடி சைட்டில் எழுப்பிய கட்டடம் அது. கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு ஒரு வீடு. முதல் மாடியில் இருந்த இளம் தம்பதி காலையிலேயே ஆபீஸ் போய்விடுவார்கள். இரண்டாவது மாடி ரெமிஜியஸ் வீடு. மூன்றாவது மாடியில் வேதநாயகி, தனி ஆள், ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் பகல் முழுக்கத் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் மஞ்சுநாத், கன்னடம் கலந்து தமிழ் பேசுபவர், இரண்டு தெரு தள்ளி இருந்தார். கிழக்கே ஒட்டினாற்போல் நின்ற பழைய ஓட்டு வீட்டை மார்ச்சில் இடித்துவிட்டு, பேஸ்மென்ட்டுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள்.

சோபாவில் உட்கார்ந்தால் கால் தொங்கி வீங்கியது. அதனால் ரெமிஜியஸ் ஹாலில் பாயை விரித்து, தலையணை மேல் காலை நீட்டி, தரையிலேயே குடியேறினான். நிக்கோலுக்குத் தலைகால் புரியவில்லை. எப்போதும் மேலே எங்கோ இருந்த டாடி இப்போது கை நீட்டினால் தொடுகிற இடத்தில் இருந்தான். தட்டில் ராஜ்மாவையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொட்டி, யார் முதலில் பிரிப்பது என்று போட்டி வைத்தார்கள். டைல்ஸ் மேல் சாக்பீஸால் 'அ'வைப் பெரிதாக எழுதி, அந்த வளைவின் மேல் பாட்டில் மூடிகளை ரயிலாக ஓட்டினார்கள். பழைய காலண்டர் அட்டையைச் சாய்த்து வைத்து அதிலிருந்து கோலியை உருட்டிவிடுவார்கள். அது எத்தனை டைல்ஸ் தாண்டுகிறது என்று அவள் எண்ண வேண்டும். பத்து வரை அப்படித்தான் கற்றுக்கொண்டாள். அடுத்த வாரம் இருபது வரை வந்தது. இருபதுக்கு மேல் என்ன என்று கேட்டால், "மறுபடி ஒண்ணு" என்பாள்.

மே மாத நடுவில் ஒரு திங்கட்கிழமை. நிக்கோல் ஹாலின் நடுவில் நீலக் கோலியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். அட்டை எதுவும் இல்லை. வெறும் தரை.

"டாடி, இது தானாவே போகுது!"

கால் பட்டிருக்கும் என்று நினைத்தான். கோலியை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தான். யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. போகப் போக வேகம் பிடித்து, கிழக்குச் சுவரில் டக் என்று மோதி நின்றது. நிக்கோல் கை தட்டினாள்.

"டைல்ஸ் போட்டவன் சரியா போடல" என்றான் ரெமிஜியஸ்.

ஆனால் போன வாரம் இதே டைல்ஸ் மேல்தான் பத்துக் கோலியை வரிசையாக வைத்து எண்ணினார்கள். ஒன்றுகூட அசையவில்லை. அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அன்று மதியம் பிள்ளை தூங்கியதும், கட்டிலுக்கு அடியில் இருந்த டூல் பையை இழுத்து ஸ்பிரிட் லெவலை எடுத்தான். மெஷினை மட்டம் பார்க்கிற நல்ல லெவல் அது. ஒரு மயிரிழை சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தரையில் வைத்தான். குமிழி நடுவில் நிற்காமல் மேற்கே ஒரு கோடு தள்ளி நின்றது. அப்படியென்றால் கிழக்குப் பக்கம் தாழ்ந்திருக்கிறது.

நிக்கோல் எழுந்து வந்து பார்த்துவிட்டாள். "உள்ள என்ன டாடி? மீனா?"

"ஆமா. குட்டி மீன்."

அதற்குப் பிறகு தினமும் மதியம் மீன் பார்ப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. மீன் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை அவள் டிராயிங் நோட்டில் வரைந்து வைப்பாள். புதன்கிழமை ஒன்று. சனிக்கிழமை ஒன்றரை. ஞாயிறு டோரதி வீட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. அடுத்த திங்கள் இரண்டைத் தாண்டிவிட்டது. "மீன் நீந்துது டாடி!" என்று அவள் குதித்தாள். அவனும் கை தட்டினான். பிறகு லெவலைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தான்.

டோரதியிடம் அவன் சொல்லவில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஷாப்பில், ஒரு மெஷினில் பேரிங் சத்தம் சரியில்லை என்று சொல்லி லைனை நிறுத்தியிருந்தான். பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவனுக்கு 'சைரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் டீ வாங்கப் போனாலும், "ஓய் சைரன், டீயில ஏதாவது சத்தம் வருதா?" என்பார்கள். அதற்குப் பிறகு எதையும் நூறு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். இப்போதும் அப்படித்தான். நாளைக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினான். மாவுக்கட்டுக் காலோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வேறு வீடு தேடி எங்கே போவது என்ற மலைப்பும் இருந்தது.

மஞ்சுநாத்துக்கு மட்டும் போன் செய்தான். அவர் ஸ்கூட்டரில் வந்து, ஹாலில் நின்று, நிக்கோல் கோலி விடுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"பத்து வருஷமா நிக்கிற பில்டிங் ரெமி இது. ஏனூ ஆகல்ல, பிடி. ஒண்ணும் ஆகாது. வீட்டுல சும்னே உட்கார்ந்திருந்தா மண்டைக்குள்ள இப்படித்தான் எதையாவது ஓட்டிட்டிருக்கும்."

"பக்கத்துல எவ்வளவு ஆழம் தோண்டறாங்கன்னு ஒரு தடவை கேளுங்க சார்."

"அவங்களும் இன்ஜினியர் வச்சுத்தானே பண்றாங்க? நீ குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடு." நிக்கோலின் தலையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் பள்ளம் தெரியும். சைட்டைப் பார்த்துக்கொள்கிற நாகேஷ் மஞ்சள் ஹெல்மெட்டோடு கீழே நின்றுகொண்டிருந்தான். ரெமிஜியஸ் வாக்கரை ஊன்றிக்கொண்டு அங்கிருந்தே கத்திக் கேட்டான்.

"நாகேஷ், எங்க பக்கம் மண்ணு சரியாம இருக்க தடுப்பு ஏதும் போடலையா?"

"கம்பி, ஷீட்டு எல்லாம் வருது சார். சனிக்கிழமை வந்துடும்."

"அதுவரைக்கும் தோண்டாம இருக்கக் கூடாதா?"

நாகேஷ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மெஷின் மண்ணை வாரிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் கிழக்குச் சுவரில், ஜன்னலின் மேல் மூலையிலிருந்து மேலே ஓடிய ஒரு விரிசலைப் பார்த்தான். நூல் மாதிரி இருந்தது. நிக்கோல் அதையும் அவன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுவருக்கும் எலும்பு உடைஞ்சுடுச்சா?"

"லேசா."

"அப்ப கட்டுப் போடணும்."

அவள் சொன்னது நல்ல யோசனைதான். விரிசல் வளர்கிறதா என்று பார்க்க, குறுக்கே காகிதம் ஒட்டுவது உண்டு என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். மைதா மாவைக் காய்ச்சி, ஒரு காகிதப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினார்கள். நிக்கோல் ஸ்டூல் மேல் ஏறி நின்று கிரேயானால் அதில் ஒரு முகம் வரைந்தாள். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். அதற்குப் பேப்பர் மாமா என்று பெயரும் வைத்தாள். டோரதி அதைப் பிள்ளை ஒட்டிய இன்னொரு படம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போய், "குட்மார்னிங் பேப்பர் மாமா" என்றாள்.

புதன்கிழமை மதியம் அவள் பாத்ரூமில் இருந்தபோது கதவு இறுகிக்கொண்டது. தாழ்ப்பாள் போடவில்லை. வெறுமனே சாத்தியிருந்த கதவு திறக்க மறுத்தது.

"டாடி, கதவு வரல."

"தள்ளி நில்லு நிக்கி. சுவரோரமா போய் நில்லு."

நல்ல காலில் நின்றுகொண்டு, தோளால் மூன்று முறை இடித்தான். நாலாவது இடியில் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. அவள் அழவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவின் மேல் ஓரத்தில் புதிதாகத் தேய்ந்த வெள்ளைத் தடம் தெரிந்தது. நிலை கோணிப்போயிருந்தது.

சாயங்காலம் டோரதி கேட்டபோது, "மழைக்கு மரம் ஊறிடுச்சு" என்றான்.

"இன்னும் மழையே சரியா பெய்யலையே?" என்றவள், களைப்பில் அதற்கு மேல் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இரவு மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை டோரதி குடையோடு கிளம்பிப் போனாள். ஒன்பது மணிக்கு எழுந்த நிக்கோல் ஜன்னல் பக்கம் போனாள். அங்கிருந்து அவள் குரல் கோபமாக வந்தது.

"பேப்பர் மாமாவை ஏன் கிழிச்ச?"

"நான் கிழிக்கலயே."

"நீதான் கிழிச்ச! கண்ணு தனியா போயிடுச்சு பாரு!"

வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தான். முகம் நடுவில் சீராகக் கிழிந்திருந்தது. நேற்று நூலாக இருந்த விரிசலுக்குள் இன்று ஒரு ரூபாய் நாணயம் போகும். அதற்குள்ளிருந்து மண் வாசனை வந்தது. சமையலறை ஜன்னலுக்குப் போனான். பள்ளத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்றது. பம்ப் போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். ரெமிஜியஸ் இருந்த கட்டடத்தின் அடியில், தூணைப் பிடித்துக்கொண்டிருந்த மண்ணில் ஒரு பாளம் பெயர்ந்து தண்ணீரில் கிடந்தது.

மஞ்சுநாத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டான். எடுக்கவில்லை. மேல்மாடிக்குப் போட்டான். "வேதாக்கா, கேஸை அணைச்சுட்டு உடனே கீழ இறங்குங்க. பில்டிங் சரியில்ல. எதையும் எடுக்காதீங்க." அவள் ஏதோ கேட்க ஆரம்பித்ததும், "இறங்குக்கா!" என்று கத்திவிட்டான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. தையல் மெஷின் நின்றது.

நிக்கோல் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நிக்கி, வா. யாரு முதல்ல கீழ போறதுன்னு பார்ப்போமா?"

"பாப்பா இன்னும் சாப்பிடல."

"பாப்பா அப்புறம் சாப்பிடட்டும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இது விளையாட்டா?"

"இல்லடா. இது விளையாட்டு இல்ல."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அடம் இல்லை. ஒரு கேள்விகூட இல்லை.

வாக்கரைப் படியில் உருட்டிவிட்டு, ரெமிஜியஸ் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினான். அவனைத் தாண்டிக்கொண்டு வேதநாயகி முணுமுணுத்தபடி இறங்கிப் போனாள். அவன் சொன்னபடி அவள் நிக்கோலைக் கூட்டிப்போகக் கையை நீட்டினாள். பிள்ளை வரமாட்டேன் என்றது. அவனுக்கு ஒரு படி முன்னால் நின்று, திரும்பித் திரும்பிப் பார்த்து, எண்ணிக்கொண்டே இறங்கியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மறுபடி ஒண்ணு. சுவருக்குள் எங்கோ காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சிறிது விட்டு இன்னொன்று.

தெருவுக்கு வந்து, எதிர்ப்பக்கம் இளநீர் வண்டி வரை போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கட்டடம் எப்போதும்போல் நின்றது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ரெமிஜியஸுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அவசரமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கிய மஞ்சுநாத்தின் முகம் சிவந்திருந்தது. "ஏனு ரெமி இது? அஞ்சு மிஸ்டு கால், எல்லாரையும் ரோட்டுல கொண்டுவந்து நிறுத்தியிருக்க. தெருவே வேடிக்கை பார்க்குது. நாளைக்கு என் வீட்டுக்கு யாராவது குடி வருவாங்களா?"

"சார், மேல வந்து சுவரைப் பாருங்க. இல்ல, மேல போகாதீங்க. இங்கேருந்தே..."

அந்தப் பேச்சுக்கு நடுவில் வேதநாயகி கையை உதறினாள். "ஐயோ, ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குப் பதினோரு ஜாக்கெட்டு! எல்லாம் பட்டு. ஓடி எடுத்துட்டு வந்துடறேன்." அவன் கையை நீட்டுவதற்குள் சாலையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

"அக்கா! வேதாக்கா!"

எழுந்து ஓட முடியாத அந்தக் கணத்தைப்போல் கொடிய கணம் ரெமிஜியஸுக்கு வாழ்க்கையில் வேறு இருந்ததில்லை. பக்கத்து சைட்டின் தகர வேலி வழியாக நாகேஷ் தலையை நீட்டி, என்ன என்று பார்த்தான். "அக்கா உள்ள போயிட்டாங்க நாகேஷ்! மூணாவது மாடி!" நாகேஷ் ஒரு முறை பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே என்ன பார்த்தானோ, ஹெல்மெட் கீழே விழ ஓட ஆரம்பித்தான்.

எவ்வளவு நேரம் என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மஞ்சுநாத் பேசுவதை நிறுத்திவிட்டார். மாடியில் காய்ந்த துணிகள் காற்றே இல்லாமல் ஒரு பக்கமாக ஆடின. நாகேஷ் வேதநாயகியின் முழங்கையைப் பிடித்து இழுத்தபடி வாசலுக்கு வந்தான். அவள் மார்போடு ஒரு துணி மூட்டை. சாலையின் பாதிக்கு அவர்கள் வந்தபோது, பார்க்கிங்கில் கிழக்குத் தூண் வெடித்தது.

கட்டடம் பொலபொலவென்று விழவில்லை. ஒரு மாடு முன்னங்காலை மடக்கிப் படுப்பதுபோல் ஒரு மூலை உள்ளே இறங்கியது. மற்றதெல்லாம் பள்ளத்தின் மேல் சாய்ந்து, அந்தக் கோணத்திலேயே நின்றுவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிறகு தூசி வந்து எல்லாவற்றையும் மூடியது. பம்ப் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் நாகேஷ் ஓடியதைப் பார்த்தே மேலே ஏறியிருந்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மஞ்சுநாத் நடைபாதையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, "பத்து வருஷம், பத்து வருஷம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அதிகாரிகள் யாரையும் உள்ளே விடவில்லை. இரண்டு நாள் கழித்து, சாமான்களோடு சேர்த்து மொத்தத்தையும் மெஷின் வைத்து இடித்தார்கள். போலீஸில் நாகேஷ் தானாகவே போய், தடுப்பு போடாமல் தோண்டச் சொன்னது யார் என்று சொன்னதாகக் கேள்வி.

அதற்குள் ரெமிஜியஸ் குடும்பம் ஆனேக்கல்லில் டோரதியின் தங்கை சோஃபியா வீட்டுக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு, அவனே எல்லாவற்றையும் டோரதியிடம் சொன்னான். கோலி, ஸ்பிரிட் லெவல், காகிதம், பாத்ரூம் கதவு.

"முதல்ல எப்ப தெரிஞ்சுது?"

"போன திங்களுக்கு முந்தின திங்கள்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் அந்த வீட்டுல அவளை வச்சுக்கிட்டு விளையாடியிருக்க."

"உறுதியா தெரியல டோரதி. தெரியாம உன்னையும் எதுக்குப் பயமுறுத்தறதுன்னு..."

"என்கிட்ட சொல்றதுக்கு உறுதியா தெரியணுமா? நான் யாரு, உன் சூப்பர்வைசரா?"

அவள் எழுந்து ஹாலுக்குப் போய்விட்டாள். அங்கே நிக்கோல் சித்தி வீட்டுப் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அவள் அதிகம் பேசவில்லை. டோரதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாடி உனக்கு நிறைய விளையாட்டு சொல்லிக்கொடுத்தாராமே. எனக்கும் சொல்லிக்கொடேன்."

நிக்கோல் யோசித்தாள். "டாடிக்குத் தெரியாத விளையாட்டு ஒண்ணு இருக்கு. அது சொல்லவா?"

"சொல்லு."

அவள் பாயைத் தள்ளிவிட்டு, குப்புறப் படுத்து, ஒரு காதைத் தரையோடு ஒட்டிக்கொண்டாள். "நீயும் படு மம்மி. பேசக் கூடாது."

டோரதி படுத்தாள். சிவப்புத் தரை கன்னத்தில் சில்லென்றிருந்தது. "என்னடி கேக்கணும்?"

"இங்க ஒண்ணும் கேக்கல. அந்த வீட்டுலதான் கேக்கும். மத்தியானம் டாடி தூங்கும்போது. உள்ள ஒருத்தர் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருப்பார்."

டோரதி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். "எப்பலேந்து?"

"லீவு விட்டதுலேந்து."

"டாடிகிட்ட ஏன் சொல்லல?"

"டாடிக்குக் கால் வலிக்குது இல்ல?" என்றாள் நிக்கோல். "சொன்னா பயந்துடுவாரு."

கதவருகே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற ரெமிஜியஸ் அதைக் கேட்டான். டோரதியும் அவன் நிற்பதை உணர்ந்தாள். தரையிலிருந்து தலையைத் தூக்காமல், ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டிப் பக்கத்து இடத்தைத் தட்டினாள். வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் மெதுவாகக் கீழே இறங்கினான். நிக்கோல் உதட்டில் விரலை வைத்து இரண்டு பேரையும் பார்த்தாள். மூன்று பேரும் காதைத் தரையில் வைத்துக்கொண்டு, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.